ஆளில்லாத அறை

எங்கள் கிளீன் றூமுக்கு, அதாவது காற்றில் தூசியும் கிருமியும் குறைத்து வைக்கும் அறைக்கு, தந்த சான்றிதழின் நான்காம் வரியை நான் வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். ‘ஐ.எஸ்.ஓ. 14644-1, வகுப்பு 8, ஓய்வு நிலை’ என்று இருந்தது. முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, “ரீச்சர், ஓய்வு நிலை எண்டால் என்ன?” என்று கேட்டிருந்தால் நின்று யோசித்திருப்பேன். அன்றைக்குக் கேட்க ஒருவரும் இல்லை. வெளியே பந்தல் போட்டாயிற்று. குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கி வைத்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அந்த ஒரு சொல்லால் எங்களுக்கு எட்டு மாதம் போனது, கைக்காசும் போனது. கொந்தராத்துக்காரர் எங்களை ஏமாற்றினாரா, நாங்களாகவே போய் விழுந்தோமா என்ற கேள்வி மட்டும் இன்னும் அடங்காமல் கிடக்கிறது. இப்போது இரண்டாவது அறைக்கு ஆள் பார்க்க வேண்டி வந்திருக்கிறது. அதற்கு முதல் இதை எழுதிவிட வேண்டும்.

எங்கள் தையல் பெண்கள் சங்கத்தின் கதையை முன்பும் எழுதியிருக்கிறேன், சுருக்கமாகவே சொல்கிறேன். பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகிற வழியில் எங்கள் தையல் கொட்டில் இருக்கிறது. 2022இல், பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறன்ற் இல்லாமல் இருந்த அந்த நாட்களில், ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கும் சாமானுக்கும் பெரிய தட்டுப்பாடு. எங்கள் பெண்களில் மூத்தவ ஒருத்தி, 2009இல் மாத்தளன் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியாக இருந்தபோது தன்னுடைய சீலையைக் கிழித்து ஆரோ ஒரு பிள்ளையின் காலுக்குக் கட்டினவ. “காயத்துக்குக் கட்டிற துணியை நாங்களே செய்யேலாதோ ரீச்சர்?” என்று முதலில் கேட்டது அவதான். வெட்டவும் மடிக்கவும் பழகிய கைகள் எங்களிடம் இருந்தன. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் காசு சேர்த்தார்கள். கோஸ் துணியை வெட்டி, மடித்து, உறையிலிட்டு ஒட்டி, லொறியில் பியகமவில் இருக்கும் அணுசக்திச் சபையின் காமா நிலையத்துக்கு அனுப்பிக் கதிர்வீச்சால் கிருமி நீக்குவதுதான் திட்டம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் ஊரில் ஒரு கேள்வி வரும். பிறகு கதிர்வீச்சால் கொல்லப் போகிறீர்கள்தானே, முதலில் எதற்குக் கோடிக்கணக்கில் ஒரு கிளீன் றூம்? நல்ல கேள்வி. கதிர்வீச்சு கிருமியைக் கொல்லும், ஆனால் தூசியை எடுக்காது, தும்பை எடுக்காது, செத்த கிருமியின் உடம்பையும் எடுக்காது. இவை புண்ணுக்குள் போனால் புண் ஆறச் சுணங்கலாம். உறைக்குள் எவ்வளவு கிருமி இருக்கிறதோ அதைப் பொறுத்தே கொடுக்க வேண்டிய கதிரின் அளவும் தீர்மானமாகும். வழமையாகக் கொடுக்கும் 25 கிலோகிரே போதும் என்று சொல்ல, ஒட்டும்போதே உறைக்குள் கிருமி குறைவு என்று காட்ட வேண்டும். ஆகவே துணி மடிக்கிற இடத்துக் காற்றே சுத்தமாக இருக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தில் வில்லிஸ் விற்ஃபீல்ட் என்ற பௌதிகவியலாளர் கண்டுபிடித்த வழி எனக்கு எப்போதும் பிடிக்கும். அறையை மூடி, துடைத்து, கழுவிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, வடிகட்டிய காற்றை ஓயாமல் உள்ளே விட்டு அந்தக் காற்றாலேயே தூசியை வெளியே கூட்டித் தள்ளுகிற வழி. காற்றையே விளக்குமாறாக்கிய மனிதர். வகுப்பு 8 என்பது, காற்றின் சுத்தத்தை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கும் ஐ.எஸ்.ஓ. வரிசையில் எளிமையான படிகளில் ஒன்று. ஒரு கன மீற்றர் காற்றில் 0.5 மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ள துணிக்கை 3,520,000க்கு மிஞ்சக்கூடாது, 5 மைக்ரோனும் மேலும் 29,300க்கு மிஞ்சக்கூடாது. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்று நினைத்துக்கொண்டால் 5 மைக்ரோன் எவ்வளவு என்று விளங்கும்.

பிளான் கீறுகிறவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர் என்று பிரிக்காமல் இரண்டையும் ஒருவரிடமே கொடுப்பது என்று தீர்மானித்தோம். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இந்த மாதிரி அறையில் சுவர்ப் பலகை, காற்றுக் குழாய், குளிரூட்டி, வடிகட்டி எல்லாம் ஒரே உடம்பு. உள்ளே காற்றழுத்தம் நிற்கவில்லை என்றால் பலகை பூட்டினவர் குழாய்க்காரரைக் காட்டுவார், குழாய்க்காரர் பிளானைக் காட்டுவார், பிளான் கீறினவர் கொழும்பில் இருப்பார். ஒரே கை என்றால் கேட்பதற்கு ஒரே ஆள். அப்படித்தான் நம்பினோம்.

மூன்று பேர்

முதலில் வந்தவர் யாழ்ப்பாணத்துக் கட்டிடக்காரர். எங்கள் கொட்டிலையும் பாலர் பாடசாலையையும் கட்டித் தந்தவர், நேர்மையான மனிதர். எங்கள் தேவையை எழுதிக் கொடுத்த பத்திரத்தை முழுக்க வாசித்துவிட்டு, “அக்கா, இது என்ரை கைக்கு மிஞ்சின வேலை. அத்திவாரம், கூரை எண்டால் சொல்லுங்கோ, வாறன்” என்று எழும்பிப் போனார். இரண்டாவது, கொழும்பில் பேர்போன ஒரு கொம்பனி. கட்டிடக் கொந்தராத்துக்காரரைத் தரம் பிரித்துப் பதியும் அரச அமைப்பான சீடாவில் நல்ல தரத்தில் பதிவு, மருந்து ஆலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் செய்த வேலைகளின் நீளமான பட்டியல். திரையில் எங்கள் அறையையே கட்டி முடித்த மாதிரி சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். மூலைகள் வளைந்து, தரை கண்ணாடி மாதிரி மின்னி, வெள்ளை வெளேரென்று ஒரு அறை. எங்கள் பெண்கள் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். அந்தப் படங்களில் ஒன்றில்கூட ஒரு மனுசர் இருக்கவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாவதாக வந்தவர் ஒரு சின்னக் கொம்பனியின் எஞ்சினியர், வவுனியாப் பிள்ளை. ஆவணி மாதம், சோளகம் அடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வந்தார். முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டு, ஒரு பை கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து பெண்களுக்குக் கொடுத்தார். படம் ஒன்றும் கொண்டுவரவில்லை. “ரீச்சர், ஒருநாள் இருந்து பாக்கலாமோ?” என்று கேட்டார். கொட்டிலின் ஒரு மூலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். எங்கள் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு இருக்கிறது. பதினொரு மணிபோல அதற்கூடாக வெயில் ஒரு தூண் மாதிரி நேரே இறங்கும். அவர் எழும்பி மூத்தவவிடம் போய், “அக்கா, இந்த வெளிச்சத்துக்குள்ள வைச்சு ஒருக்கா வெட்டுங்கோ” என்றார். கத்தரிக்கோல் துணிக்குள் ஓடியதும் அந்த வெயில் தூணுக்குள் தும்பு எழும்பியது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு புகை மாதிரி. பிறகு மடிக்கச் சொன்னார். மடிக்கும்போதும் பறந்தது, ஆனால் வெட்டும்போது பறந்ததில் கால்வாசியும் இல்லை. அந்தத் தும்பு கீழே இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று கொப்பியில் எழுதினார்.

அதன் பிறகு வெளியே போய், வேலிப் பூவரசின் இலை ஒன்றில் விரலால் கோடு இழுத்துப் பார்த்தார். விரல் சிவந்து போயிருந்தது. சிறுபோகம் வெட்டுவது எப்போது, வெட்டு மிசின் எந்தப் பக்கத்தால் வரும், நெல்லுச் சுனை எந்தக் காற்றில் எங்கள் பக்கம் வரும் என்றெல்லாம் கேட்டார். கறன்ற் போனால் ஜெனரேற்றரில் எதெது ஓடும் என்று கேட்டார். நான் லைற்றும் கொம்பியூட்டரும் என்றேன். “அப்ப காத்து நிண்டிடும் ரீச்சர். காத்து நிண்டா உள்ளுக்கும் வெளிக்கும் ஒண்டுதான்” என்றார். சரிதான். அறைக்கும் வெளிக்கும் இடையில் வைத்திருக்கும் அழுத்த வித்தியாசம் 15 பாஸ்கல் அளவுதான், ஒன்றரை மில்லிமீற்றர் தண்ணீரின் பாரம். கதவை அசட்டையாகத் திறந்தாலே போய்விடும்.

அவருடைய விலை கொழும்புக் கொம்பனியைவிட 18 வீதம் கூட. வெட்டுவதற்குத் தனி அறை, அங்கிருந்து காற்றை இழுத்து வெளியேற்ற வேறு காற்றாடி, செம்மண் தூசிக்கு முன்வடிகட்டி இரண்டு அடுக்கு, காற்று இயந்திரத்தையும் தாங்கக்கூடிய ஜெனரேற்றர், ஒரு தொகுதி மாற்று வடிகட்டி, ஆட்கள் வேலை செய்யும்போது ஒரு சோதனை. எல்லாம் கணக்கில் வெளிப்படையாக இருந்தது. நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒருவரிடம் ஒரு அறை, மற்றவரிடம் இரண்டு அறை. ஒருவர் குறைய, மற்றவர் கூட. “ஏன் ரீச்சர், எங்களுக்கு ஒரு அறைதானே வேணும்?” என்று பொருளாளர் கேட்டா. அந்தக் கேள்விக்கு மறுமொழி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெயில் தூணுக்குள் தும்பு பறந்ததை நானும் பார்த்துக்கொண்டு நின்றவள். கொழும்புக் கொம்பனிக்குக் கை உயர்த்தினேன்.

ஆடி மாதத்துச் சோதனை

வேலை நன்றாகவே நடந்தது, அதை மறைக்கக்கூடாது. பலகைகள் நேராகப் பொருந்தின, மூலைகள் வளைந்தன, வடிகட்டிகளில் ஓட்டை இல்லை என்று எங்கள் கண்முன்னே புகை விட்டுக் காட்டினார்கள். மாரி முடிந்து, தை மாதத்தில், தூசி அடங்கிக் கிடந்த ஒரு காலையில் துணிக்கை எண்ணும் கருவியைக் கொண்டுவந்து எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். ஐம்பது சதுர மீற்றர் அறைக்குப் பத்து இடங்களில் எடுக்க வேண்டும், எடுத்தார்கள். எண்கள் எல்லைக்கு எங்கோ கீழே நின்றன. கைதட்டினோம்.

ஆடியில், பதிவுக்கு விண்ணப்பிக்க முதல், தரக்கட்டுப்பாடு தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டோம். அவ கோவையைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா: “வேலை நடக்கேக்க எடுத்த கணக்கு எங்கை?” அடுத்த நாள் பன்னிரண்டு பெண்களும் உடுப்பு மாற்றி, தலை மூடி, கையுறை போட்டு உள்ளே போனார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். வழமைபோல நால்வர் வெட்ட, மற்றவர்கள் மடித்தார்கள். கருவி ஒரு நிமிடத்துக்கு 28 லீற்றர் சொச்சம் காற்றை இழுக்கும், இழுத்துவிட்டு ஒரு துண்டு அச்சடிக்கும். முதல் இடத்தில் 0.5 மைக்ரோன் கணக்கு எல்லைக்குள் நின்றது. அதற்குக் கீழே 5 மைக்ரோன் கணக்கு, கன மீற்றருக்கு நாற்பத்தோராயிரம். இரண்டாம் இடம், வெட்டுகிற மேசையடி, எழுபதாயிரத்தைத் தாண்டியது. மூன்றாவதை நான் பார்க்கவில்லை. உள்ளே மூத்தவ கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடிக்கூடாக என்னை நிமிர்ந்து பார்த்தா. மூடியிருந்த முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. தான் ஏதோ பிழை விட்டுவிட்டதாக அவ நினைத்தா. பிறகு கதவடியில் வந்து, “நான் கையை நல்லாக் கழுவினனான் ரீச்சர்” என்று சொன்னா.

அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அவவின் கையில் ஒரு பிழையும் இல்லை. அவ அங்கே இருப்பா என்பதையே கணக்கில் எடுக்காமல் அந்த அறை கட்டப்பட்டிருந்தது.

கொம்பனியிலிருந்து வந்த மறுமொழிக் கடிதம் மரியாதையாக இருந்தது, சரியாகவும் இருந்தது. அந்தத் தரநிலையில் ஒரு அறைக்கு மூன்று நிலை உண்டு. கட்டி முடித்து வெறுமையாக இருக்கும் நிலை, சாமான்கள் பூட்டி ஆட்கள் இல்லாத ஓய்வு நிலை, ஆட்கள் நின்று வேலை செய்யும் நிலை. எந்த நிலையில் எந்த வகுப்பு வேண்டும் என்பதை இரு பகுதியும் முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். நாங்கள் கொடுத்த பத்திரத்தில் ‘வகுப்பு 8’ என்று மட்டும் இருந்தது. பன்னிரண்டு பேர் என்று இருக்கவில்லை, பஞ்சுத் துணி வெட்டுவது என்று இருக்கவில்லை, ஆடி மாதம் என்று இருக்கவில்லை. ‘மருத்துவத் துணி பொதியிடல்’ என்று ஒரு வரி. அதை எழுதியது நான்.

ஆர் கேட்டிருக்க வேண்டும்?

ஊரில் இதைச் சொன்னால், “கொழும்புக்காரன் சுத்திப்போட்டான்” என்று உடனே முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை, அவர்கள் தருவதாகச் சொன்னதைத் தந்தார்கள். அதேநேரம், எல்லாம் எங்கள் பிழை என்று சொல்லவும் மனம் வரவில்லை. உலகமெங்கும் வடிவமைத்துக் கட்டும் வேலைகளுக்குப் பாவிக்கும் மாதிரி ஒப்பந்தமான ஃபிடிக் மஞ்சள் புத்தகத்தைப் பிறகு தேடி வாசித்தேன். முடிந்த வேலை அதன் நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற பொறுப்பை அது கொந்தராத்துக்காரர் தலையில்தான் வைக்கிறது. ஆனால் அந்த நோக்கம் ஒப்பந்தத்தில் சொல்லப்பட்டதாக இருக்க வேண்டும். சொல்லாத நோக்கத்துக்கு ஒருவரும் பொறுப்பில்லை. அப்படியானால் எங்களுக்கே சொல்லத் தெரியாத நோக்கத்தை ஆர் வெளியே எடுப்பது? பஞ்சு வெட்டுவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி, அதில் சொல்ல ஒன்றுமில்லை என்று இருந்தோம். கிளீன் றூம் பற்றித் தெரிந்தவர் அவர். பேனை அவர் கையில் இருந்தது. வடிவமைப்புக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார். கிணறு இறைக்க வருகிறவர் ஊற்று எவ்வளவு என்று பார்க்காமல் இத்தனை பட்டை இறைத்தால் போதும் என்று சொல்ல ஏலுமோ? மணித்தியாலத்துக்கு இருபது தடவை காற்று மாறும் என்று பிளானில் இருந்தது. உள்ளே எவ்வளவு தும்பு ஊறும் என்று ஒருவரும் அளக்கவில்லை, வவுனியாப் பிள்ளையைத் தவிர.

கேட்டுக் கட்டாத கட்டிடங்களுக்கு வன்னியில் பஞ்சமில்லை. 2009க்குப் பிறகு இங்கே எத்தனையோ கட்டிடம் எழும்பியது. சில நல்லாக ஓடுகின்றன, சில நாடா வெட்டின நாளோடு பூட்டிக் கிடக்கின்றன, முன்சுவரில் பெயர்ப்பலகை மட்டும் மழையில் நனைகிறது. 2016இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தபோது நடந்த வாக்குவாதம் பலருக்கு ஞாபகம் இருக்கும். இந்த வெயிலுக்கு அது தாங்குமா, பழுதானால் ஊர் மேசன் திருத்த ஏலுமா என்று மக்கள் கேட்டார்கள். அதற்கு முதல் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்து, அவரவரே நின்று கட்ட விட்டபோது, எங்கள் ஒழுங்கையில் ஒரே பிளானில் தொடங்கிய வீடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முடிந்தன. ஒருத்தி குசினியை வெளியே எடுத்தா, ஒருத்தர் காற்றுப் பக்கம் திண்ணை விட்டார். வீட்டுக்குச் சொல்லத் தெரிந்த நாங்கள், ‘ஐ.எஸ்.ஓ.’ என்ற எழுத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டோம். தந்ததை வாங்கிக் கும்பிட்டுப் பழகிப்போன மனது. எனக்கும் அதுதான் இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருத்தினோம். வெட்டும் வேலையைப் பழைய களஞ்சிய அறைக்கு மாற்றி, காற்றை வெளியே இழுக்கும் காற்றாடி பூட்டி, வெட்டின துணியை இரட்டைக் கதவுப் பெட்டிக்கூடாக உள்ளே அனுப்புகிறோம். செலவில் பாதியைக் கொம்பனி ஏற்றது, அந்த நன்றி உண்டு. மற்றப் பாதியோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், நாங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்த 18 வீதத்துக்கு மேலேயே போய்விட்டது. அடுத்த ஆவணியில், பன்னிரண்டு பேரும் உள்ளே நிற்கவே எண்ணிப் பார்த்தோம். கணக்கு எல்லைக்குள் நின்றது.

இப்போது இரண்டாவது அறை. இந்த முறை விலை கேட்க முதல் கேள்வி கேட்டிருக்கிறோம், அதாவது எங்களிடம் கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் ஒருநாள் முழுக்க இங்கே இருந்து பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத் தங்கள் கேள்விகளை எழுத்தில் அனுப்ப வேண்டும், நாங்கள் பதில் எழுதிய பிறகுதான் விலை. அந்தக் கேள்வி பதில் அத்தனையும் ஒப்பந்தத்தோடு சேரும். வழமையாகப் பிடித்துவைக்கும் 5 வீதத்துக்குப் புறம்பாக இன்னுமொரு 10 வீதம், ஆவணியில் ஒருக்கா, கார்த்திகையில் ஒருக்கா, ஆட்கள் வேலை செய்யும்போது எடுத்த கணக்குச் சரிவந்த பிறகுதான் கொடுபடும். இதைக் கேட்டு ஒருவர் விலகிவிட்டார். சீடாத் தரம், பழைய வேலைகளின் பட்டியல் எல்லாம் இம்முறையும் பார்க்கிறோம். எவ்வளவு பெரிய வேலையை எடுக்கலாம் என்பதை அந்தத் தரம் சொல்லும். கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து பார்ப்பாரா என்பதை அவர் வந்தால்தான் அறியலாம்.

வவுனியாப் பிள்ளைக்கும் எழுதினோம். அன்றைக்கு அவரைத் தள்ளிவிட்டதற்கு மன்னிப்பும் சேர்த்து எழுதினேன். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் இருபத்து மூன்று கேள்வி அனுப்பியிருக்கிறார். மாதவிடாய் நாட்களில் உடுப்பு மாற்றும் அறையில் எவ்வளவு நேரம் வேண்டும் என்பது ஒரு கேள்வி. அதை மூத்தவவிடம் வாசித்துக் காட்டினேன். “கேட்டிருக்கிறானே பிள்ளை” என்று மட்டும் சொன்னா. கடைசிக் கேள்வி, மாரியில் அந்தக் காணியில் வெள்ளம் எந்த உயரத்துக்கு வரும், காற்று இயந்திரத்தின் மேடையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது.

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவு திறந்தபோது வந்த வெள்ளத்தின் கோடு களஞ்சியச் சுவரின் பின்பக்கம் இன்னும் மங்கலாக இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் நானும் பொருளாளரும் ரேப் கொண்டு போனோம். அவ குந்தியிருந்து நிலத்தோடு அமத்திப் பிடித்தா, நான் கோட்டடிக்கு இழுத்தேன். முப்பத்தொன்றரை அங்குலம். மழைக்கு முதல் மண் கொஞ்சம் நிரவப்பட்டது என்று அவ ஞாபகப்படுத்தினா, அதையும் சேர்த்து எழுதி அனுப்பியிருக்கிறோம்.